பாரியார் சகிதம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல் மாணலாகத்தான் போகும். நினைவு அதைவிடக் கோணல். கழகத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, மாஸ்டரைக் கௌரவிச்ச அந்த விருந்தைப் பற்றி எங்கடை மலருக்கு எழுதித் தாங்கோ" என்று கேட்டபடியால் எழுதுகிறேன். அந்த விருந்தில் நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை. ஆனாலும் அதைக் குழப்பியடித்தவள் நான்தான். (அதற்காகத்தான் என்னைக் கேட்டார்களோ தெரியாது.)

அறுபதாம் ஆண்டுக்குச் சற்று முன்னோ பின்னோ. எனக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாதம். இவர் கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பித்தார். பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் இல்லையென்று ஜாம் போத்தல், லாம்புச் சிமினி, பழைய சைக்கிள் டியூப் எல்லாம் சேர்த்துத் தானே ஒன்றை உண்டாக்கியவர். எங்களுடையது குடியேற்றக் காணி. அடுத்த வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இவர் காலையில் போனால் பின்னேரம் வரை என்னோடு கதைக்கக் கோழிகள்தான். அவற்றோடும் நான் அதிகம் கதைப்பதில்லை, வெட்கம்.

இவர் வந்த பிறகும் பெரிய கதை இருக்காது. ஒட்சிசன் என்பார், ஐதரசன் என்பார். நான் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பேன். கலியாண வீட்டிலேயே ஒரு மாமி என் காது கேட்கச் சொன்னவ: "இவ்வளவு படிச்ச பெடியன், ஐஞ்சாம் வகுப்புக்காரியை எப்பிடி நாலு பேருக்கு முன்னாலை கூட்டிக்கொண்டு போவான்?" அந்தக் கேள்வி என்னோடு கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிவிட்டது. எட்டு மாதத்தில் இவர் என்னை ஓரிடமும் கூட்டிப் போகவில்லை. (போவதற்கு அங்கே இடமும் இல்லை. அதை நான் யோசிக்கவில்லை.)

இவர் இரண்டு கிழமை பயிற்சி வகுப்புக்கு யாழ்ப்பாணம் போயிருந்தபோது ஒரு கடிதம் போட்டார். "கழகம் எனக்கு விருது தருகிறது. அழைப்பிதழ் அங்கே வரும். அதில் உள்ளபடி செய்யவும். நான் நேரே வவுனியாவுக்கு வருவேன். அலுமாரியில் உள்ள கறுப்புக் கோட்டு வேண்டும்." இவர் படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள் வவுனியாவில் ஒரு கழகம் வைத்திருந்தார்கள். விஞ்ஞானத்துக்கும் கல்விக்கும் உழைத்தவர்களைக் கூப்பிட்டு இராப்போசனம் கொடுத்துக் கௌரவிப்பார்கள். அந்த முறை ஒரு நெல் ஆராய்ச்சிக்காரர், ஓய்வு பெற்ற ஓர் அதிபர், மூன்றாவது இவர்.

அழைப்பிதழ் வந்தது. தங்க எழுத்து. "தாங்கள் பாரியார் சகிதம் சமுகமளிக்குமாறு" என்று போட்டிருந்தது. நான் மூன்று தரம் வாசித்தேன். "மனைவி" என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். "பெண்சாதி" என்றாவது? இல்லை. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அச்சுக்காரன் இரண்டு எழுத்தை விழுங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது எனக்குச் சரியான நியாயமாகப் பட்டது. இவருக்கு மூச்சு இழுப்பு வருத்தம். மேடையில் பேசும்போது இழுத்தால்? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பரியாரியார்தான் மருந்து கொடுக்கிறவர். படித்த ஆட்கள், எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். என்னைத்தான் ஒருவரும் யோசிக்கவில்லை.

பரியாரியாரிடம் போய் அட்டையை நீட்டினேன்.

"ஆருக்குப் பிள்ளை வருத்தம்?"

"ஒருத்தருக்கும் இல்லை. உங்களை விருந்துக்குக் கேட்டிருக்கினம். இஞ்சை போட்டிருக்கு."

அவருக்குக் கண் பார்வை குறைவு. அட்டையை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "ஓமோம், தெளிவாய்க் கிடக்கு" என்றார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டார். "நாப்பது வருஷமாய் நாடி பிடிக்கிறன். இப்பதான் எங்கடை வைத்தியமும் விஞ்ஞானம் எண்டு இவையளுக்கு விளங்கியிருக்கு!"

சனிக்கிழமை பஸ்ஸில் பரியாரியார் மருந்துப் பையோடு முன்னால் இருந்தார். நான் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். என்னைக் கேட்காத விருந்துக்குக் கோட்டுக்குத் துணையாகப் போனேன். இவர் விருது வாங்குவதை ஒரு கதவுக்குப் பின்னால் நின்றாவது பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு.

மண்டபத்தில் முன்வரிசைக் கதிரைகளில் துண்டு ஒட்டியிருந்தது. "இதிலை என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?" என்றார் பரியாரியார். இவருடைய பெயருக்குப் பக்கத்தில் "பாரியார்" என்று இருந்தது. "உங்களுக்குத்தான்" என்று சொல்லி, என்னுடைய கதிரையில் என் கையாலேயே அவரை இருத்தினேன்.

கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். "தங்கச்சி, நீங்கள் ஆர்?"

"நான்... கோட்டு கொண்டந்தனான்."

கோட்டை வாங்கிக்கொண்டு, "பின்னாலை குசினி இருக்கு, போய் இருங்கோ" என்றார். போனேன். நெளுக்குளத்து அக்கா ஒருவ சமையல். என்னைக் கண்டதும் ஆர், எவர் என்று கேட்கவில்லை. "நல்லதாய்ப் போச்சு, இந்தப் பீங்கானுகளைத் துடை பிள்ளை" என்றா. துடைத்தேன்.

இவர் வந்ததும் மேடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேடையோரம் இருந்த குசினிக் கதவால் பார்த்தேன். கறுப்புக் கோட்டோடு இவர் வேறு ஆளாக இருந்தார். கண் முன்வரிசையில் எதையோ தேடியது. பரியாரியாரில் முட்டி நின்றது. அப்போது ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "இந்த ஆசானுக்குத் துணை நிற்கும் பாரியாரை, மாலை அணிவிப்பதற்காக மேடைக்கு அழைக்கிறோம்."

பரியாரியார் எழும்பினார்.

"ஐயோ, நீங்களில்லை..." என்று இவர் பாதி எழும்ப, "பரவாயில்லை மாஸ்டர், நீங்கள் இருங்கோ" என்று கையமர்த்திவிட்டு மேடையில் ஏறினார். தலைவரின் மனைவி மாலையோடு திகைத்து நின்றா. பரியாரியாரே தலையை உள்ளே விட்டுக்கொண்டார். படம் பிடிக்கிறவர் படமும் பிடித்தார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்து ஒரு பேச்சு: "மாஸ்டற்றை நெஞ்சை என்னைவிட ஆரும் அறியாயினம். இழுக்கேக்கை தைலம் போட்டுத் தடவிவிடுறது இந்தக் கைதான்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"ஏனக்கா சிரிக்கினம்?" என்று கேட்டேன்.

"பின்னை? பாரியார் எண்டு கூப்பிட, கிழவன் போய் நிக்குது!"

"பாரியார் எண்டால்?"

"பெண்சாதியடி பிள்ளை. அந்தாளின்ரை பெண்சாதி எங்கை போட்டாவோ!"

கையில் பீங்கானோடு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் குசினிக்குள் வந்தார். "பூமணி, நீர் ஏன் இஞ்சை? கார்ட்டிலை உம்மைக் கேட்டிருந்ததே!" நான் அழுதழுது சொன்னேன். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இழுப்பு வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாய்ப் பரியாரியார் ஓடிவந்து, அடுப்படியில் இருத்தி நெஞ்சைத் தடவினார். விருந்தாளிகள் எல்லாரும் கதவடியில். நான் நெளுக்குளத்து அக்காவின் முதுகுக்குப் பின்னால்.

தலைவர், "பாரியாருக்கு இனியெண்டாலும் மாலையைப் போடுவம்" என்றார். ஆனால் வேறோர் ஆம்பிளை போட்ட மாலையை எனக்கு எப்படிப் போடுவது? திரும்பி வரும்போது பஸ்ஸிலும் இவருக்குப் பக்கத்தில் பரியாரியார்தான் இருந்தார். (நெஞ்சைப் பார்க்க வேணுமாம்.)

வீட்டுக்கு வந்த பிறகு இவர் சொன்னார்: "உம்மை எல்லாருக்கும் காட்டவேணும் எண்டு நினைச்சனான்." நான் வழக்கம்போல "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு இவருக்கு ஒருவரும் விருது கொடுக்கவில்லை. விருந்தாளியாக மட்டும் வருஷா வருஷம் அழைப்பிதழ் வரும். "பரியாரியார், வெளிக்கிடும்!" என்று என்னைத்தான் கூப்பிடுவார். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டுத் தலையிடி என்பேன், கோழிக்குச் சுகமில்லை என்பேன். ஒருமுறையும் போகவில்லை. அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் இருந்தது. இவர் தனியப் போவார். பக்கத்துக் கதிரையில் ஒருவரையும் இருக்க விடமாட்டாராம். அதை இவர் செத்த வீட்டுக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தால் இப்போதும், "என்ன பரியாரியார், மருந்து குடிச்சிட்டீங்களோ?" என்றுதான் தொடங்குவார்கள்.

நெல் ஆராய்ச்சிக்காரரின் பெயரும் அதிபரின் பெயரும் மறந்துபோச்சு. கழகத்துப் பிள்ளைகள் பார்த்துச் சரியாய்ப் போடுங்கோ. இன்னொன்று. அன்றைக்குப் பிடித்த படம் பழைய மலரில் வந்தது. கீழே "ஆசிரியரும் பாரியாரும்" என்று போட்டு, இவருக்குப் பக்கத்தில் பரியாரியார் மாலையோடு நிற்பார். பின்னால் குசினிக் கதவடியில் வெள்ளையாய் ஏதோ ஒன்று தெரியும். மகன் அதைத் தூண் என்பான். மகள் பீங்கான் என்பாள். எங்களிடம் இருந்த மலர் இடம்பெயர்ந்த நேரம் போய்விட்டது. இவரும் நானும் ஒன்றாய் நின்ற படம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. உங்களில் ஆரிடமாவது அது இருந்தால், நல்ல கண்ணுள்ள ஒருவர் வடிவாய்ப் பார்த்து, அது பீங்கானோ என்று எனக்கு ஒருக்கால் எழுதிவிடுங்கோ.