ஏழாம் வகுப்பு அப்பா

ஏழாம் வகுப்பு ஆங்கிலத்தில் மாணவர்களிடம் பள்ளி என்ன எதிர்பார்க்கிறது என்பதை விளக்க, ஜூன் மாதம் ஒரு கூட்டம் போட்டார்கள். மாணவர்களைத் தவிர எல்லோரையும் அழைத்திருந்தார்கள்.

திருச்செங்கோட்டில் துண்டு நெய்யும் தறிப்பட்டறை வைத்திருக்கும் பிரபாகரும் போனார். மகள் மோனிஷா ஏழாவது. வருடக் கடைசியில் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். தேறினால் ஏ செக்‌ஷன். இல்லாவிட்டால் சி. நடுவில் பி என்று ஒன்று கிடையாது. பெற்றோர் மனம் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது என்பது நிர்வாகத்தின் கொள்கை. சி செக்‌ஷன் பிள்ளையின் அப்பனாக ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியுமா? பிரபாகருக்கு ஏ வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் செய்து கொடுத்து மார்க் வாங்க வேண்டிய முதல் கோர்ஸ்வொர்க் வந்தது. பாடத்தில் லண்டன் வருகிறது. ஆகவே லண்டனைத் தெர்மாகோலில் செய்துவர வேண்டும். அதைச் செய்தால் ஆங்கிலம் எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் விவரம் தெரியாத ஆள் என்று ஆகிவிடும். தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து ஒரு மணிக்கூண்டு கட்டினார்.

மோனிஷா பக்கத்தில் வந்தாள். “நானும் ஒட்டறேனுங்கப்பா.”

“கைய வெக்காத சாமி. மார்க்குப் போயிரும்.”

மணிக்கூண்டு ஸ்கூல் பஸ்ஸிலேயே சாய்ந்துவிட்டது. ஆங்கில ஆசிரியை கயல்விழி மிஸ் பிரபாகரை வரச் சொன்னார்.

“ஏனுங்க சார், பினிஷிங்கே இல்லீங்களே. கௌதமனோட அப்பா செஞ்சதப் பாருங்க. தேம்ஸ் ஆத்துல தண்ணியே ஓடுது.”

“அவரு ரிக் லாரி வெச்சிருக்கறாருங்க. போர் போடற மனுசன் தொட்டாத் தண்ணி வராதுங்களா?”

“காரணம் சொல்லக் கூடாதுங்க சார். உங்களுக்கு சிதான் போட்டிருக்கறேன்.”

‘உங்களுக்கு’ என்றுதான் சொன்னார்.

பிரபாகர் நேராக முதல்வர் கலையரசனின் அறைக்குப் போனார். “இதெல்லாம் பிள்ளைங்க செய்ய வேண்டியது இல்லீங்களா?”

முதல்வர் கருணையோடு சிரித்தார். “செய்யறது யாருன்னு ஊருக்கே தெரியும். மத்தவங்க மறைக்கறாங்க. நாங்க ஏத்துக்கறோம். ஏத்துக்கிட்டு, பின்தங்கிய பெற்றோருக்குச் சிறப்புப் பயிற்சியும் கொடுக்கறோம். சனிக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துருங்க. லேட்டானா வெளிய நிக்கோணும்.”

சனிக்கிழமைகளில் பிரபாகர் பள்ளிக்குப் போனார். பெஞ்சில் முழங்கால் நுழையவில்லை. ஜிகினாத்தூள் தூவக் கற்றார். வண்ணத்தாளை ஓரம் பிசிறாமல் வெட்டக் கற்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரைஸ்மில்காரர் கையைத் தூக்கினார்.

“மிஸ், இவரு என்னுதப் பாத்து வெட்டறாருங்க!”

பிரபாகரை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார்கள்.

வீட்டில் மனைவி தமிழ்ச்செல்வி சாப்பாட்டுப் பையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “பெயிலாயிட்டு ஊட்டுப் பக்கம் வந்துராதீங்க.”

இத்தனை நாளும் மோனிஷாவுக்கு ஆங்கிலத்தில் செய்ய ஒரு வேலையும் இல்லை. சும்மா இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? பாடப்புத்தகத்தைப் படித்தது.

கடைசிக் கோர்ஸ்வொர்க், ‘என் அப்பா’ என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கட்டுரை. பிரபாகர் தன்னைப் பற்றித் தன் மகளாக இருந்து தானே எழுத வேண்டும். அது சனிக்கிழமை வகுப்பில் நடத்தாத பாடம். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். ரெடியாகவே வைத்திருந்தார்கள். அதில் வந்த அப்பா உயரமானவர், இன்ஜினியர், ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடுபவர்.

மோனிஷா படித்துப் பார்த்தாள். “இது யாரோட அப்பாங்கப்பா?”

“உன்ற அப்பந்தான். கசங்காமக் கொண்டுபோய்க் குடு.”

அவள் அதை மேசை மேலேயே வைத்துவிட்டு, தானாக ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாளே பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மேசை மேல் கிடந்த ஜெராக்ஸ் கடைக் கட்டுரையைத் தமிழ்ச்செல்வி கண்டெடுத்துக் கணவன் சட்டைப்பையில் திணித்து அனுப்பினாள். முதல்வர் அறையில் மோனிஷா நின்றிருந்தாள். மிஸ் அவளுடைய தாளை வாசித்து, அப்பாவுக்காகத் தமிழிலும் சொன்னார்.

“என் அப்பா துண்டு நெய்கிறார். சனிக்கிழமை பள்ளிக்குப் போகிறார். மிஸ்ஸைப் பார்த்தால் அவருக்குப் பயம். எனக்குப் பயம் இல்லை.”

பிரபாகர் நிமிர்ந்தார். பிள்ளைக்கு இங்கிலீஷ் வருகிறது! ஆனால் அந்த அறையில் அதை ஒரு குற்றமாகத்தான் பார்த்தார்கள்.

“இது நீங்க செஞ்சது இல்லையே சார்?” என்றார் முதல்வர்.

“இல்லீங்க.”

“அப்ப யாரு?”

“பாப்பாதானுங்க.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். “வெளியாள் உதவி. விதிப்படி இது செல்லாது.”

“ஏனுங்க, படிக்கறதே பாப்பாதானுங்களே?”

“படிக்கறது வேற, கோர்ஸ்வொர்க் வேற. இன்னைக்கு இந்தப் பொண்ணு எழுதும். நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் எழுத ஆரம்பிச்சா, பெத்தவங்க பட்ட பாடு என்னாகறது? நீங்க செஞ்சது இருந்தாக் குடுங்க, ஏ செக்‌ஷன். இதுதான்னா, சி.”

மோனிஷா அப்பாவைப் பார்த்தாள். பிரபாகர் மிஸ்ஸின் கையில் இருந்த தாளைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நீட்டினார்.

மிஸ் முகம் மலர்ந்தது. “எல்லா அப்பாவும் இதையேதானுங்க குடுத்திருக்கறாங்க. ரொம்ப ஒத்துமையான கிளாஸ்.” மோனிஷாவின் தாளை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

திரும்பும்போது மோனிஷா வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

“ஏஞ்சாமி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? அதான் ஏ செக்‌ஷன் கெடச்சிருச்சில்ல?”

“யாருக்குங்கப்பா?”

அது நியாயமான கேள்வி என்றே பிரபாகருக்குப் பட்டது. பதில் சொல்ல நேரம் இல்லை. எட்டாவது கஷ்டம் என்கிறார்கள். இப்போதே தொடங்கினால்தான் உண்டு. வண்டியை ஸ்டேஷனரி கடைக்குத் திருப்பினார். அங்கே ரைஸ்மில்காரர், கௌதமனின் அப்பா, இன்னும் பல அப்பாக்கள் தெர்மாகோலுக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் ஏ செக்‌ஷன்.