எரிந்த மோட்டாரும் ஒன்பது வருடக் கோபமும்

தஞ்சாவூர் ஜில்லாவில் இதுவரை பிறந்தவர்களிலேயே அதிகக் கோபக்காரர் எங்கள் காயில் அண்ணன்தான். இரண்டாவது இடம் எனக்கு. அதுவும் அவரோடு பழகிய தோஷம். இன்றைக்கும் யாராவது என்னிடம் 'கூடிய விரைவில்' என்று சொன்னால் எனக்கு ரத்தம் தலைக்கேறுகிறது. சொல்பவர் டாக்டராக இருந்தாலும் சரி, சம்பந்தி வீட்டாராக இருந்தாலும் சரி.

பூதலூர் ரயிலடிப் பக்கம் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம் அது. பிளைவுட் தடுப்புக்குள் நான்கு கம்ப்யூட்டர். ஊரில் பாதிப் பேருக்கு வளைகுடாவில் யாராவது இருந்ததால் எப்போதும் கூட்டம் இருக்கும். பக்கத்துக் கடை காயில் அண்ணனுடையது. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகக் காயில் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுப்பது அவர் தொழில். ஞானஸ்நானத்தில் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் சர்ச் ஃபாதரே அவரை 'காயில், இங்க வாங்க' என்றுதான் கூப்பிட்டார்.

குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருக்கிற நேரத்தில் லோ வோல்டேஜில் மோட்டார் புகைந்துவிட்டால் விவசாயியின் முகத்தைப் பார்க்க முடியாது. காயில் அண்ணன் பார்க்கவும் மாட்டார். மோட்டாரை மட்டும் பார்த்துவிட்டு, "காலைல ஏழு மணிக்கு வாங்க" என்பார். ஏழு என்றால் ஏழுதான். ஏழே காலுக்கு வந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். "ராத்திரி பூரா கண்ணு முழிச்சு நான் கட்டி வச்சிருக்கேன், நீங்க டீ குடிச்சிட்டு வர்றீங்களா? உங்க நாத்துக்கு இருக்குற அவசரம் உங்களுக்கு இல்லையா?" தன் மோட்டாரையே வாங்க மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே கடை இந்த உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதரைத் தேடி வந்து வம்பில் மாட்டியது ஒரு வெளிநாட்டுப் படம். தமிழில் டப் செய்து மூன்று பாகம் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவனுக்கு விளம்பரம். அதில் ஹீரோ ஒரு மெக்கானிக். ஆகாயத்தில் பறக்கிற ஒரு ஓட்டைக் கப்பலை ரிப்பேர் பண்ணிக்கொண்டே உலகம் உலகமாகச் சுற்றுவான். "நம்ம படத்துல மெக்கானிக்னா மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டு டூயட் பாடுவான். இவன் நட்டைக் கழட்டுறான்யா" என்று காயில் அண்ணன் நெகிழ்ந்து போனார்.

மூன்றாம் பாகத்தின் கடைசியில் கப்பலின் மோட்டார் எரிந்துபோகிறது. ஹீரோ நடு ஆகாயத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். அப்படியே படத்தை முடித்துவிட்டார்கள். மீதிக் கதை வீடியோ கேமாக வரும் என்று திரையில் ஒரு வரி போட்டான் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை. தஞ்சாவூர் தியேட்டரில் மேனேஜர் அறைக்கே போய்விட்டார் அண்ணன்.

"எரிஞ்ச மோட்டாரை அப்படியே போட்டுட்டுப் போறதுக்கு அவன் யாரு சார்?"

"நான் படப்பெட்டிய வாங்கி ஓட்டிட்டுத் திருப்பி அனுப்புறவன் சார். எனக்கு மோட்டாரப் பத்தித் தெரியாதுங்க."

"தெரியாதுன்னா எதுக்கு ஓட்டுறீங்க?"

மறுநாள் சாயங்காலம் முதல் முறையாக என் சென்டருக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். "தம்பி, அந்த கேம் எப்ப வருதுன்னு பாருங்க." பார்த்தேன். டிசம்பரில் வருகிறது, ஆடுபவரே அந்தக் கப்பலை ரிப்பேர் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. தமிழில் சொன்னேன். அவர் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"நாமளே சரி பண்ணலாமா?"

"ஆமாண்ணே."

"அப்ப வந்ததும் சொல்லுங்க. கம்ப்யூட்டரை நீங்க பாத்துக்குங்க, மோட்டாரை நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் சேந்து முடிச்சிருவோம்."

இவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்துக்காக எட்டு வருடம் ஒரு கம்பெனியிடம் நாயாக அலைந்தோம். டிசம்பரில் வரவில்லை. மார்ச் என்றான், வரவில்லை. அடுத்த தீபாவளியை ஒட்டி ஒரு தேதி சொன்னான், அதுவும் போனது. தரத்தை மேம்படுத்துகிறோம் என்று காரணம் எழுதினான். "சுத்து எத்தனைன்னு எண்ணிச் சுத்துனா தரம் தானா வரும், இவனுக்கு எண்ணத் தெரியல" என்றார் அண்ணன்.

தினமும் கடையை அடைத்துவிட்டு வந்து கம்பெனிக்குக் கடிதம் சொல்வார். நான் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். அவர் சொல்வதை அப்படியே தட்டினால் என் சென்டருக்கு சீல் வைத்துவிடுவார்கள். ஆகவே 'மதிப்பிற்குரிய ஐயா, எங்களுக்குச் சிறிது வருத்தம்' என்று முடித்துவிடுவேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாதே தவிர அளவு தெரியும். "நான் பேசுனது அரை மணி நேரம். நீ ரெண்டு வரி தட்டிருக்க. மீதி எங்கய்யா?"

இதற்குள் நான் 'நீங்க'விலிருந்து 'நீ'யாகி, 'யோவ்' வரை வந்திருந்தேன். எனக்கும் கோபம் வர ஆரம்பித்திருந்தது. கம்பெனியிலிருந்து வந்ததெல்லாம் 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, கூடிய விரைவில் வெளியிடுவோம்' என்ற ஒரே பதில். நாலு தடவை அதே பதில், ஒரு எழுத்து மாறாமல். நாலாவது தடவை நானே நாற்காலியை உதைத்தேன்.

அந்தக் கேமுக்காக உலகம் முழுக்கக் காத்திருந்தவர்கள் இணையத்தில் ஒரு இடத்தில் கூடிப் புலம்புவார்கள். புலம்பல் அண்ணனுக்குப் பிடிக்காது. "மறியல் பண்ணலாம்னு போடு" என்றார். போலந்துக்காரன் ஒருவன் மறியல் என்றால் என்ன என்று கேட்டான். தண்டவாளத்தில் உட்காருவது, எங்கள் ஊரில் தண்ணீருக்காக உட்காருவோம் என்று விளக்கினேன். அவனுக்கு ஒரே உற்சாகம். இருபது பேர் வருகிறேன் என்றார்கள். பிறகு பிரேசிலிலிருந்து ஒருவன் எந்த ரயில் என்று கேட்டான். அண்ணன் யோசித்தார். "கம்பெனி வாசல்ல ரயில் ஓடுதான்னு கேளு." ஓடவில்லையாம். மறியல் அதோடு நின்றது.

ஐந்தாவது வருடம் ஜமாபந்தி வந்தது. வருடத்துக்கு ஒரு தரம் தாலுகா ஆபீசில் கணக்குப் பார்த்து, பட்டா மாற்றம், பென்ஷன் என்று ஜனங்களிடம் மனு வாங்குவார்கள். காயில் அண்ணன் வேட்டி சட்டையில் வரிசையில் நின்று மனு கொடுத்தார். 'மேற்படி கம்பெனியார் மேற்படி கேமை உடனே வெளியிட உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' தாழ்மை நான் சேர்த்தது.

மனு என்றால் விசாரணை வேண்டுமே. பத்தாம் நாள் வி.ஏ.ஓ. வந்துவிட்டார். நல்ல மனிதர், எதையும் முறைப்படி கேட்பவர்.

"ஏங்க, இந்த கேம் எந்த சர்வே நம்பர்ல வருதுங்க?"

"ஆகாயத்துல சார்."

"அப்ப புறம்போக்கா?"

"மோட்டார் எரிஞ்சு நிக்குது சார், அதை முதல்ல எழுதுங்க."

எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் முத்திரை வைத்த பதில் வந்தது. கோரிக்கை இவ்வலுவலகத்தின் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல என்று இரண்டே வரி. அண்ணன் அதை லேமினேட் பண்ணிக் கடையில் மாட்டினார். "முடியாதுன்னாலும் ஒரு மனுஷன் உக்காந்து படிச்சுட்டு முடியாதுங்கறான் பாரு. அதான்யா மரியாதை." அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜமாபந்திக்கும் மனு போனது.

ஏழாவது வருடம் எனக்கு குவைத் விசா வந்தது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து என் சென்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். அதே வாரம் கம்பெனிக்காரன் கேம் அக்டோபரில் நிச்சயம் என்றான். நான் ஏஜென்டிடம் ஒரு மாதம் தள்ளிப்போடச் சொன்னேன். சேர்ந்து ஆடிவிட்டுப் போகலாம் என்று ஒரு ஆசை. அக்டோபரில் கேம் வரவில்லை. இன்னொரு மாதம் கேட்டேன். விசா கைவிட்டுப் போகும் என்று ஏஜென்ட் கத்தினார். விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

அவர் கோபத்தை ஏழு வருடமாகப் பார்த்தவன் நான். அன்றைக்கு வந்தது வேறு. சத்தமே இல்லை. "அவன் ஏமாத்துறவன்யா. அவன் தொழில் அது. நீ எதுக்கு உன் பொழப்பை அவன் கையில குடுக்குற?" என்றார். பிறகுதான் சத்தம் வந்தது. "அடுத்த வாரம் நீ இந்த ஊர்ல இருந்தா உன் காலை ஒடிச்சிருவேன்." என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் இருபது நிமிடம் லேட். ஸ்டேஷன் மாஸ்டர் பட்ட பாடு தனிக்கதை.

நான் போய் ஒரு வருடம் கழித்து அந்தக் கேம் வந்தேவிட்டது. குவைத்தில் ஒரு கடையில் பார்த்ததும் கேம் பெட்டியை வாங்கி, ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். 'எனக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆடுங்கள்' என்று கடிதமும் வைத்தேன். அடுத்த வாரம் போன் போட்டேன்.

"ஆடுனீங்களாண்ணே?"

"கரண்ட் இல்லய்யா."

அடுத்த மாதம் சீசன் வேலை என்றார். அதற்கடுத்த மாதம் கண்ணில் ஏதோ உறுத்தல் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எட்டு வருடம் என் உயிரை எடுத்துவிட்டு, இப்போது பெட்டி கையில் இருக்கும்போது இவர் ஒத்திப்போடுகிறார். "நீங்களும் அந்தக் கம்பெனி மாதிரி ஆயிட்டீங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். குவைத்தில் என் கம்பெனியிலோ லீவு கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பதினோரு மாதம் இழுத்தார்கள். நான் இரண்டு பக்கமும் வெந்துகொண்டிருந்தேன்.

அப்போது அம்மா போன் செய்தாள். குரலில் கவலை. "ஏம்ப்பா, வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்துட்டுப் போறாரு. நீ என்ன கம்பெனி, லீவு ஏன் தரலன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. நீ எதும் தப்புத் தண்டா பண்ணிட்டியா?"

விசாரித்தேன். அந்த வருட ஜமாபந்தியில் காயில் அண்ணன் கேமைப் பற்றி எழுதவே இல்லை. 'குவைத்தில் பணிபுரியும் என் தம்பி முறையானவருக்குச் சேர வேண்டிய லீவை மேற்படி கம்பெனியார் தராமல் இழுத்தடிப்பதால், அவரை உடனே ஊருக்கு வரவழைத்துத் தருமாறு' என்று மனு. எழுதித் தர நான் இல்லாததால் அதில் தாழ்மை இல்லை.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. என் முகத்தைப் பார்த்துப் பயந்தானோ என்னவோ, ஒரு மாத லீவில் கையெழுத்துப் போட்டான்.

ஊருக்கு வந்த நான்காம் நாள்தான் கடைப்பக்கம் போக முடிந்தது. முதலில் தாமதத்துக்காகத் திட்டினார். பிறகு மேஜை டிராயரைத் திறந்தார். காலண்டர் தாளில் சுற்றி வைத்திருந்த பெட்டி. மேலே ஒட்டிய கண்ணாடித் தாள்கூடக் கிழியவில்லை.  பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டேன்.

"பதினோரு மாசமா ஏண்ணே பிரிக்கல? பக்கத்துக் கடைக்காரர்ட்ட குடுத்தா போட்டுக் காட்டிருப்பாருல்ல?"

"அவன்ட்டயா சேந்து பண்ணலாம்னு பேசுனோம்?"

அந்தப் பக்கத்துக் கடை என் பழைய சென்டர்தான், அப்போது ஜெராக்ஸ் கடையாகியிருந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டரில் போட்டோம். கப்பல் வந்தது. எரிந்த மோட்டார் வந்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கவரைக் கழட்டுய்யா" என்றார். கழற்ற வழியில்லை. ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி எழுத்து மின்னியது. அழுத்தினேன். பச்சைக் கோடு ஒன்று ஓடி நிறைந்தது. மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது.

அண்ணன் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"காயில் எங்கய்யா? எத்தன சுத்து? வார்னிஷ் எப்பக் காஞ்சுச்சு? ஒரு பட்டனா? ஒம்பது வருஷம் இந்த ஒரு பட்டனுக்காடா?"

நானும் சேர்ந்துகொண்டேன். ரயிலடியில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இருவரும் மூச்சு வாங்கும் வரை திட்டினோம். அத்தனை வருடமும் நான் ஆங்கிலத்தில் விழுங்கிய எல்லாவற்றையும் அன்றைக்குத் தமிழிலேயே சொல்லித் தீர்த்தேன்.

ஜெராக்ஸ்காரர் டீ வாங்கிக் கொடுத்து எங்களை உட்கார வைத்தார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இன்னும் எத்தன நாள் இருப்ப?"

"இருபத்தஞ்சு நாள்ணே."

"கம்பெனிக்கு லெட்டர் போடணும். முதல்லேருந்து ஒழுங்கா பண்ணச் சொல்லு. எத்தன வருஷம் ஆனாலும் பரவால்ல, நாம இருக்கோம்னு எழுது."

இந்த முறை அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் விடவில்லை. தினமும் சாயங்காலம் போய், இரண்டிரண்டு வரியாக, இருபத்தைந்து நாளும் தட்டினேன்.