சோற்றுக்குக் குடை பிடித்தவர்

ஊவா மலையில் மழைக்குக் குடை பிடிக்காமல் சோற்றுக்குக் குடை பிடித்த மனிதர் ஒருவர்தான். அப்புத்தளைக்குக் கீழே உள்ள எங்கள் தேயிலை பெக்டரியில் அவர் வாச்சர். எல்லாருக்கும் குடை வாச்சர். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

மழை கொட்டும்போது குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி வேலைக்கு வருவார். கேட்டால், "கொட நனஞ்சா சோத்துல சொட்டுங்க" என்பார். பகலில் நாங்கள் சாப்பிட உட்காருகிற பின்கட்டில், கூரைக்குக் கீழேயே குடையை விரித்துத் தன்னையும் சோற்றையும் மறைத்துக்கொள்வார்.

காரணம் கண்ணூறு. அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், சர்க்கரை நோய்; தினமும் தனக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். கொஞ்ச காலமாக நெஞ்சுவரை ஏப்பம், நேற்றுத் தின்றது இன்று வாந்தி. யாரோ தன் சோற்றைப் பார்த்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். முதலில் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவைச் சந்தேகப்பட்டார், பிறகு பெக்டரிப் பூனையை. பூனை வேறு பக்கம் திரும்பும்வரை சோற்றுப் பார்சலைப் பிரிக்கமாட்டார். பூனைக்கோ அவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அவர் சம்சாரம் செல்லமக்கா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். கண்ணூறு இருந்தால் நெடி வராது என்பது எங்கள் கணக்கு. அன்றைக்கு எங்கள் வீட்டு வரிசையான லயம் முழுக்க இருமியது. கண்ணூறே இல்லை என்றார் செல்லமக்கா. மிளகாய்க்கே அடங்காத கண் என்றார் இவர்.

ஹாலிஎலயில் ஒரு கல்யாணப் பந்தியிலும் குடை விரிந்தது. இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்குச் சாம்பார் கிடைக்கவில்லை.

ஒரு நாள் ஊசி போட்டு, குடைக்குள் சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பூனையை "ஐயா" என்று கூப்பிட்டபடி சரிந்தார். நினைவு தப்புமுன் சீனித் தண்ணீர் குடிக்கவைத்துப் பதுளைக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க வெறும் வயிற்றில் வைத்து, காலையில் வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. ஆனால் வயிற்றில் சோறு இருந்தது. யாராவது கொடுத்தீர்களா என்று டொக்டர் அம்மா கேட்டார். இல்லவே இல்லை என்று செல்லமக்கா சத்தியம் செய்தார். அப்படியென்றால் வழக்கமாக எவ்வளவு சாப்பிடுவார்? அது தெரிந்தால்தான் அடுத்து என்ன பார்ப்பது என்று சொல்லமுடியும் என்றார் டொக்டர்.

"நல்லா சாப்புடுறேங்க" என்றார் குடை வாச்சர். வயிறு கெட்டது தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பார்சல் காலியாகத்தான் திரும்பி வருகிறது என்றார் செல்லமக்கா. குடைக்குள் நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

எனக்குத் தெரியும். ஆள் முகம் பார்க்கக் கூச்சப்பட்டு எப்போதும் தரையைப் பார்த்தே உட்காருகிறவன் நான். குடை மேலேதான் மறைக்கும். ஆனால் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் யார் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"ரெண்டு வாய்தாங்க. மிச்சமெல்லாம் பூனைக்குப் போவுது."

கட்டிலிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "அப்ப பாத்தது நீங்கதானா, தம்பி?"

பிறகு வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மருந்து கலந்த சாப்பாட்டைக் கொடுத்து, அது வயிற்றைவிட்டு எப்போது கிளம்புகிறது என்று மணிக்கணக்கில் படம் எடுத்தார்கள். அது கிளம்புகிற மாதிரியே இல்லை. பல வருடச் சீனி, வயிற்றை அசைக்கிற நரம்பைக் கெடுத்துவிட்டதாம். சாப்பாடு உள்ளேயே தங்கிவிட, ஊசி மருந்து முந்திக்கொண்டு வேலை செய்ததால் வந்த மயக்கம் அது.

"அப்ப கண்ணூறுங்க?" என்று பதுளைக்குத் திரும்பியதும் குடை வாச்சர் கேட்டார்.

"கண்ணு வச்சது சீனிதான்" என்றார் டொக்டர் அம்மா, சிரிக்காமல்.

ஊசி நேரத்தை மாற்றினார்கள். குழைந்த சோறு, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. வேலையும் போகவில்லை.

அவர் திரும்பி வந்த அன்று பகல் பின்கட்டில் குடை விரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்திலிருந்து குடை என் பக்கம் சாய்ந்தது.

"குனிஞ்சு குனிஞ்சு பாத்தா கழுத்து வலிக்கும். உள்ள வாங்க, தம்பி."

இப்போது அவர் வேலையை விட்டு, மகளோடு ஹல்துமுல்லையில் இருக்கிறார். பகலில் பார்சலைப் பிரிக்கும்போது, எனக்கு இடது பக்கம் வெளிச்சம் அதிகமாகத் தெரிகிறது.