மறுப்புச் சேவை: பதிவு எண் நிலுவையில்

சான்றிதழ் அலுவலகத்தின் நாலாம் கவுண்டரில் முப்பத்தொரு ஆண்டுகள் அமர்ந்து, வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் கடமையை அப்பழுக்கில்லாமல் ஆற்றியவர் ஒருவர் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. ஊர் வைத்த பெயர் நாளையார். "நாளைக்கு வாங்க" என்று அவர் சொல்லும் அழகே தனி. கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டி, குறையே இல்லாத தாளிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்துக் கையில் கொடுப்பார். எல்லாமே சரியாக இருந்து தொலைத்தால், "எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க" என்பார். அந்தச் சான்றைத் தருகிற அலுவலகம் எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலிருந்து அந்தத் திறமை மொத்தமும் வீட்டுக்குள் வந்து இறங்கியது. பாவம் அவர் மனைவி. குளியலறை பல்பு போய்விட்டது, ஒன்று வாங்கி வாருங்கள் என்றாள். போய்விட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்றாள். இருட்டு அறையின் நிலையைக் காட்டுமே தவிர பல்பின் நிலையைக் காட்டாது என்றார். பதினோரு நாள் டார்ச் வெளிச்சத்தில் குளித்த பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒன்று, இந்த மனுஷனுக்கு ஒரு வேலை வேண்டும். இல்லையென்றால் தான் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

நல்லவேளையாக, அப்போது ஊரே இணையத்தில் கடை விரித்திருந்தது. மாடி வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று பாடம் எடுத்தார். பல் மருத்துவர் பல்லைப் பிடுங்குவதை விட்டுவிட்டு, சிரிப்பது எப்படி என்று வகுப்பு நடத்தினார். தபால்காரர்கூட நிதானமாக நடப்பது பற்றி ஒரு தொடர் ஆரம்பித்துவிட்டதால் கடிதங்கள் வருவது நின்றுபோனது. 'உங்கள் ஆர்வமே உங்கள் வியாபாரம்' என்று ஒரு ஐந்து நாள் வகுப்பு. மனைவி அவரைக் கேட்காமலே அவரைச் சேர்த்துவிட்டாள். கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

திரையில் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்த ஆசிரியை, "எதைச் செய்யும்போது உங்களுக்கு நேரம் போறதே தெரியாது சார்?" என்று கேட்டாள்.

"திருப்பி அனுப்பும்போது."

"பொருளையா?"

"ஆளை."

ஆசிரியைக்கு ஒரு நொடி சிரிப்பு நின்றது. ஆனால் எந்த ஆர்வத்தையும் உருப்படாதது என்று சொல்ல அவள் தொழிலில் இடமில்லை. "அருமை சார். முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வராம எத்தனை பேர் தவிக்கிறாங்க தெரியுமா? அவங்களுக்காக நீங்க சொல்லுங்க" என்றாள்.

இப்படித்தான் 'மறுப்புச் சேவை' உதயமானது. முதல் வாடிக்கையாளர் மனைவியின் தம்பி. ஸ்கூட்டரை இரவல் கேட்டுக் கேட்டே உயிரை வாங்கும் நண்பன் ஒருவன் அவனுக்கு இருந்தான். நாளையார் அந்த நண்பனுக்கு எழுதினார்: "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. தங்களிடம் ஸ்கூட்டர் இல்லை என்பதற்கான ஆதாரத்தை இரண்டு பிரதிகளில் இணைத்து மீண்டும் சமர்ப்பிக்கவும்." கீழே ஒரு நீளமான எண். நண்பன் கோபித்துக்கொள்ளவே இல்லை. முடியாது என்றால்தான் மனிதனுக்கு ரோஷம் வருகிறது. கையில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் ஏதோ நடக்கிறது என்று நம்பிக்கொண்டு நடந்தே போய்விடுகிறான்.

அப்புறம் என்ன, பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பெண்ணுக்கு வந்த காதல் கடிதம், தேதி இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை என்று திரும்பிப் போனது. பையன் நாலு தடவை திருத்தி அனுப்பினான். ஐந்தாவது தடவை அவனுக்கே சலித்துவிட்டது. ஒரு மாமியார் மருமகளின் விருந்து அழைப்பை மறுக்கச் சொன்ன அதே வாரம், மருமகள் அந்த அழைப்பை மாமியார் ஏற்றுக்கொள்ளாமல் இருக்க ஏற்பாடு செய்யச் சொன்னாள். இருவருக்கும் ஒரே கடிதத்தில் வேலை முடிந்தது.

ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'நன்றி ஐயா. ரொம்ப நாளுக்கப்புறம் நிம்மதியா தூங்கினேன்.' நாளையார் அதை மூன்று முறை படித்தார். இது எனக்குத்தானா பார் என்று மனைவியிடம் காட்டினார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வாங்கியதெல்லாம் சாபம். கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு ஜீவன்கூட அவருக்கு நன்றி சொன்னதில்லை. அவர் கண் கலங்கியதை மனைவி பார்த்தாள், பார்க்காத மாதிரி உள்ளே போனாள். அன்றைக்கே ஒரு நீல நோட்டு வாங்கி, வருகிற நன்றிகளைத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். கூடவே இரண்டு பல்பும் வாங்கி வந்தார், அத்தாட்சி எதுவும் கேட்காமல். வீட்டில் பாட்டுச் சத்தம்கூடக் கேட்டது.

மூன்று மாதம் இப்படிப் போனபோது அரசு அறிவிப்பு வந்தது. இணைய வியாபாரம் செய்வோர் அனைவரும் மாத இறுதி மாலை ஐந்து மணிக்குள் பதிவு எண் பெற வேண்டும். பெறாதவர்களின் இணையப் பக்கம் மூடப்படும். பதிவு எண் வழங்கும் இடம்: சான்றிதழ் அலுவலகம், நாலாம் கவுண்டர்.

மனைவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பக்கம் மூடினால் நன்றியும் நிற்கும், மனுஷன் மறுபடி பழைய மனுஷனாகிவிடுவார். இன்றைக்கே போங்கள் என்றாள். கடைசி நாளுக்கு முன்னால் கொடுக்கிற விண்ணப்பத்தை யாரும் தொடமாட்டார்கள், தானே தொட்டதில்லை என்றார் அவர். அதுவரை தாள் சேர்த்தார். ஆர்வம் இருப்பதற்கு மருத்துவச் சான்று வாங்கினார். மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து, 'ஆர்வம் இயல்பு நிலையில் உள்ளது' என்று எழுதினார். என்னென்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாத விஷயமா? அந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே குறையில்லாத முதல் விண்ணப்பம் அதுதான்.

கடைசி நாள் அவருக்குக் கிடைத்தது டோக்கன் நாற்பத்தேழு. கவுண்டரில் இருந்தது அவரிடம் வேலை பழகிய அம்மாள். விண்ணப்பத்தை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். முகம் வாடியது. "பெஞ்சுல உக்காருங்க சார். பதில் போன்ல வரும்" என்று சொல்லிவிட்டுத் தன் போனில் எதையோ தட்டினார்.

நாளையாரின் போன் கிணுகிணுத்தது. புதிய வாடிக்கையாளர் கோரிக்கை: 'டோக்கன் நாற்பத்தேழு. எல்லாத் தாளும் சரி. தயவுசெய்து மறுக்கவும்.'

எழுந்து கவுண்டருக்குப் போனார். "என்னம்மா இது?"

அம்மாளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "மூணு மாசமா ஆபீஸ் முழுக்க உங்க சேவையிலதான் ஓடுது சார். நாங்க யாரும் வாயால சொல்றதே இல்ல. அதுலயும் உங்களை எப்படி சார் நான் திருப்பி அனுப்புவேன்?"

"அப்போ கொடுத்துடேன்."

"கொடுத்துப் பழக்கமில்லையே சார்."

அது நியாயமாகத்தான் பட்டது. நாளையார் பெஞ்சில் உட்கார்ந்தார். மறுத்தால் கடை போச்சு. மறுக்காவிட்டால் நம்பி வந்த வாடிக்கையாளரைக் கைவிட்ட பாவம். நாலு ஐம்பத்தெட்டுக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எழுதினார்: "எல்லாம் சரியாக உள்ளது என்பதற்கான சான்று இணைக்கப்படவில்லை." தன் மறுப்பைத் தானே படித்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"ரொம்ப நன்றி சார்" என்றார் அம்மாள். அதை நீல நோட்டில் எழுதி முடித்தபோது மணி ஐந்து. பக்கம் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவருக்கும் மறுக்க வரவில்லை. முயன்று பார்த்தார்கள், நாக்கு புரளவில்லை. மேலதிகாரி அவசரக் கூட்டம் போட்டு, மறுக்க இயலாத நிலையில் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று கனத்த மனதோடு உத்தரவிட்டார். வரிசையில் முதலாவதாக நின்ற தையல்காரருக்கு ஐந்தே நிமிஷத்தில் சான்றிதழ் கிடைத்தது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு தடவைகூட அலையவிடாம கொடுக்கறீங்களே, இது செல்லுமா?"

செல்லும் என்றார்கள். அப்படிச் சொன்னதும் வரிசைக்கே சந்தேகம் வலுத்தது. முத்திரையைச் சுரண்டிப் பார்த்தார்கள். போலி ஆபீஸ் என்று ஒருவர் சத்தம் போட்டார். எங்களை முறைப்படி திருப்பி அனுப்பு என்று கோஷம் கிளம்பியது. பத்து மணிக்குக் கூட்டம் மொத்தமும் நாளையார் வீட்டு வாசலில் நின்றது. முன்னால் கவுண்டர் அம்மாள், கையில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட பதிவு எண்ணோடு.

"வாங்கிக்கோங்க சார். உடனே கடையைத் திறங்க" என்றார்.

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. நாளையார் தாளை வாங்கினார். முன்னும் பின்னும் புரட்டினார். ஒரு தடவைதான் போனோம், அதற்குள் வீடு தேடி வந்துவிட்டதே என்று அவருக்கும் உறுத்தியது. கண்ணாடியை இறக்கினார்.

"இவ்வளவு சுலபமா கொடுத்தா செல்லாதும்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு வாங்க."

கூட்டத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆளாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே நிம்மதியாகக் கலைந்தார்கள். நாளையார் நீல நோட்டைத் தேடி உள்ளே போனார். மனைவி அக்காவுக்குப் போன் போட்டு, அங்கே வந்து இருக்கட்டுமா என்று கேட்டாள். அக்கா நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.