கழட்டியரும் அக்காவின் ஐஸ்கட்டியும்

பொருத்திப் பூட்டியிருக்கிற எந்தப் பொருளையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் உருத்திரபுரம் கழட்டியர். ஒருமுறை தண்ணீர்ப் பம்பியைத் திருத்த வந்தவர், அந்த வீட்டு வாசற்கதவையும் கழட்டிச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார். கேட்டதற்கு, கதவு கிறீச்சென்று கத்தியது, தன்னால் பொறுக்க முடியவில்லை என்றாராம். சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தேடிப் போனால் மனைவியே "கழட்டியர் வெளியில போயிட்டார்" என்றுதான் சொல்லுவா.

இந்த மனிதரை நானே வீட்டுக்குக் கூப்பிடவேண்டி வந்தது என் கெட்ட காலம். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமை தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். வன்னி வெயிலில் தொண்டை காய்ந்து கிடப்பவருக்கு, ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டு மெல்லக் கரைப்பதுதான் மிஞ்சியிருந்த ஒரே சுகம். அதற்காகக் கனடாவில் இருக்கிற மகன் காசு அனுப்பி, தானாகவே ஐஸ் செய்து பெட்டிக்குள் கொட்டுகிற பெரிய பிரிட்ஜ் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். மகன் வரவில்லை, பிரிட்ஜ் வந்தது.

பிரிட்ஜுக்குப் பின்னால் அயலட்டைச் சனமும் வந்தது. காலையில் மீன்காரனின் ஹோர்ன் கேட்டால் போதும், ஆளுக்கொரு பாரையும் விளைமீனும் வாங்கி, பாதியைக் கறிக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பொலித்தீன் பையில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அக்கா ஒருவரையும் திருப்பி அனுப்பமாட்டா. இருந்தாற்போல் ஒருநாள் ஐஸ் விழுவது நின்றுவிட்டது. தட்டில் தண்ணீர் ஊற்றி உறையவைத்துக் கொடுத்தேன். மீன் நாற்றம் தாங்காமல் அக்கா ஓங்காளித்தா.

கழட்டியர் வந்தார். மீன் பொட்டலங்களை எல்லாம் மரியாதையாக எடுத்து ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் அடுக்கினார். பிறகு பின்தகட்டைக் கழட்டினார், தண்ணீர்க் குழாயைக் கழட்டினார், வீட்டு ஹோல் முழுக்கச் சாமான்களைப் பரப்பினார். குழாய்க்குள் படிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டி அக்காவிடமே காட்டினார்.

"பாருங்கோ. மனுசற்ற கிட்னியையே திண்ட தண்ணி, குழாயை விடுமே?"

எனக்கு அந்த ஆளின் பிடரியில் ஒன்று போடவேண்டும் போல் இருந்தது. அக்கா சிரித்தா. கனகாலத்துக்குப் பிறகு சிரித்தா.

எல்லாவற்றையும் பூட்டி, மத்தியானச் சாப்பாட்டையும் எங்கள் வீட்டிலேயே முடித்து, அவர் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கையில் பொலபொலவென்று ஐஸ் விழுந்தது. மீன்களைத் திரும்பவும் பத்திரமாக உள்ளே அடுக்கிவிட்டுப் போனார். அடுத்தநாள் ஒரு கட்டிகூட விழவில்லை. திரும்ப வந்தார். கரண்டைத் திட்டினார், கனடாவைத் திட்டினார், கழட்டினார், பூட்டினார். அவர் இருக்கும்வரை ஐஸ் விழுந்தது, வாசற்படலையைத் தாண்டியதும் நின்றது. பிரிட்ஜுக்குத் தன்னில் பயம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இங்கே அக்கா வெடித்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு கிடந்தா.

அதற்கடுத்த முறை மீனைத் திரும்ப அடுக்கும்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது. ஐஸ் விழும் பெட்டிக்கு மேலே ஒரு மெல்லிய கம்பி. ஐஸ் நிறைந்து அந்தக் கம்பியைத் தூக்கினால், போதும் என்று இயந்திரம் வேலையை நிறுத்திவிடும். இங்கே யாரோ ஒருவரின் பாரை மீன் அந்தக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மீனை ஐஸ் என்று நம்பி, பெட்டி நிறைந்துவிட்டது என்று இயந்திரம் ஓய்ந்துபோய் இருந்திருக்கிறது. அந்த மீனை ஒவ்வொரு முறையும் எடுத்துத் திரும்ப வைத்தவர் சாட்சாத் கழட்டியர்தான். மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

நான் கொதித்துப்போனேன். அவ்வளவு மீனையும் நாய்க்கு எறியப்போகிறேன் என்றேன்.

"எறியாதை தம்பி," என்றா அக்கா. "கிட்னி வருத்தக்காரியைப் பாக்க ஆர் வருவினம்? மீனை வைக்க வாற சாட்டிலதான் ரெண்டு கதை கதைச்சிட்டுப் போகினம்."

கழட்டியர் நிலத்தை விட்டு எழும்பினார்.

"கதை வேணுமோ, ஐஸ் வேணுமோ? சொல்லுங்கோ."

அக்கா வெடித்த உதட்டை நாக்கால் நனைத்தா. கழட்டியர் மீன் பேசினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். இது வருத்தக்காரியின் பிரிட்ஜ், உங்கள் பாரைக்குக் கட்டின சவக்காலை இல்லை என்று படலைக்குப் படலை நின்று சொல்லிப் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு வந்தார். ஐஸ் விழத் தொடங்கியது. அக்கா சொன்னதும் அச்சொட்டாக நடந்தது. ஒரு குஞ்சு குருமான்கூட எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நல்ல சனம்.

வந்தவர் கழட்டியர் மட்டும்தான். பின்னேரமானால் வருவார், பிரிட்ஜைத் திறந்து கம்பியைத் தட்டிப் பார்ப்பார், பிறகு கதிரையில் இருந்துவிடுவார். கோயில் தலைவரில் தொடங்கி, வாய்க்கால் தண்ணீரைத் திருடுகிறவர்கள் வழியாக, தன் மனைவிவரை எல்லோரையும் திட்டித் தீர்ப்பார். அக்கா கன்னத்தில் ஐஸ்கட்டியை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பா. சீனி கூடப் போட்ட தேத்தண்ணீரை அவருக்கு ஊற்றி ஊற்றி எனக்கு வெறுத்துவிட்டது. சுவரில் இருந்த ஒரே மணிக்கூட்டையும் ஒருநாள் கழட்டிவிட்டார். இந்த ஆள் எப்போது தொலைவார் என்று குசினிக்குள் நின்று புறுபுறுப்பேன். "சும்மா இரடா, பாவம் அந்தாள்" என்பா அக்கா.

மாரிமழை தொடங்குமுன் அக்கா போய்விட்டா. மகன் செத்தவீட்டைப் போனில் பார்த்து அழுதான். மீன் வைத்த சனமெல்லாம் வந்து ஒப்பாரி வைத்தது. தங்கமான மனுசி என்றார்கள். கழட்டியர் பந்தல் ஓரத்தில் நின்றார். அன்றைக்கு ஒருவரையும் திட்டவில்லை.

அதன்பிறகு அவர் வரவில்லை. வருவதற்கு என்ன இருக்கிறது? இயந்திரம் மட்டும் தன்பாட்டில் யாருக்கும் வேண்டாத ஐஸைச் செய்து கொட்டிக்கொண்டிருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் நானே போன் எடுத்தேன். "அண்ணை, திரும்பவும் ஐஸ் விழுகுதில்லை. ஒருக்கா வாங்கோவன்," என்றேன். பெட்டி நிறைய ஐஸ் கிடந்தது.