கேபிள்காரன் துண்டித்த செண்பகம்

பழசைக் கழற்றிப் புதுசை மாட்டும் ஆசை எனக்கு வரும்போதெல்லாம், என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டி உட்கார வைத்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது. மிக்ஸி, கெய்சர், சமையலறைக் குழாய் என்று நான் ‘முன்னேற்றிய’ பொருள்களின் கதைகளை என் மனைவி சுதா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். (கெய்சர் விஷயத்தில் தப்பு என்மேல் மட்டும் இல்லை. அதை இங்கே பேச வேண்டாம்.) எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் டெலிபோனுக்கு வருவாள். அப்போது நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

சில வருடங்களுக்கு முன்பு வரை செம்பூரில் எங்கள் ஃப்ளாட்டின் கூடத்தில் ஒரு பழைய லேண்ட்லைன் இருந்தது. மழைக்காலம் வந்தால் அதில் குரலைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். எல்லோர் கையிலும் மொபைல் வந்த பிறகும் இது எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கும் ஒரு மொபைல் வாங்கிக் கொடுத்திருந்தேன். அம்மா அதை உறையோடு பீரோவில் வைத்து, நகை மாதிரிப் பாதுகாத்தாள்.

அப்போதுதான் கேபிள்காரர் சந்தோஷ் வந்தார். டிவி, இண்டர்நெட், போன் மூன்றும் ஒரே வயரில் வரும், போன் பேசுவது இலவசம் என்றார். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை வேலை நிறுத்தம் செய்துவிடும். உடனே தலையாட்டினேன்.

அம்மா மட்டும் சமையலறை வாசலில் நின்று, “நம்பர் மாறுமோ?” என்று கேட்டாள்.

“நம்பர் வஹி ரஹேகா, மாஜி!” என்றார் சந்தோஷ். நம்பர் அதேதான் இருக்கும் என்று அர்த்தம்.

நான் அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு, பழைய டெலிபோன் ஆபீசில் வரிசையில் நின்று, லைன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, கருவியையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன். வீட்டில் சந்தோஷ் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தார். அதில் பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. ஒரு துண்டுத் தாளில் நம்பர் எழுதிக் கொடுத்தார். சம்பந்தமே இல்லாத நம்பர்.

“அதே நம்பர் என்று சொன்னீர்களே?”

“ஆமாம் சாப். இனிமேல் எப்போதும் இதே நம்பர்தான் இருக்கும். மாறவே மாறாது.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அதனால என்னம்மா, எல்லாருக்கும் புது நம்பரை அனுப்பிடறேன்” என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “செண்பகத்துக்கு எப்படிடா அனுப்புவே?” என்றாள்.

எங்கள் உறவில், நட்பில், கட்டிடத்தில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. “எந்தச் செண்பகம்?” என்று நான் கேட்டேன். அன்றைக்குத்தான் என் அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருப்பது எனக்குத் தெரிந்தது. காலையில் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடி, இருட்டிய பிறகு திரும்புகிறவனுக்கு, நடுவில் வீட்டில் ஒரு மத்தியானம் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

“ராங் நம்பர்தான் முதல்ல” என்றாள் அம்மா. “தாராவி லேபர் கேம்ப்ல இருக்கற அவ அக்காவுக்குப் போன் போட்டிருக்கா, நமக்கு வந்துடுத்து. ராங் நம்பர்மான்னு சொன்னேன். சரின்னு வைக்க வேண்டியதுதானே? ‘ஏங்க்கா, கொரலு ஏன் இப்படிக் கம்மிக் கெடக்கு, அழுதிங்களா’ன்னு கேட்டா. அப்பா போய் ஒரு மாசம்கூட ஆகலை அப்போ. அந்த மாதிரி என்னை யாருமே கேக்கலைடா.”

யாருமே என்பதில் நானும் அடக்கம்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம், பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்த பிறகு, செண்பகம் கூப்பிடுவாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், திருநெல்வேலிப் பேச்சு, ஐரோலியில் வாழ்க்கைப்பட்டவள். மாமியார் தூங்கிய பிறகுதான் அவளுக்குப் போன் கிடைக்கும். அங்கே மணி அடித்தால் மாமியார் எழுந்துவிடுவாள் என்பதால் அம்மா அவளைக் கூப்பிட்டதே இல்லை. நம்பர் கேட்டு வாங்கிக்கொள்ளவும் இல்லை. தினமும் அவளே கூப்பிடும்போது எதற்கு?

“அவ புருஷன் பேரையாவது சொல்லு. அவர் பேர்ல தேடிப் பாக்கலாம்.”

“அவ பேர் சொல்ல மாட்டாடா. ‘எங்க வீட்டுல’ன்னுதான் சொல்லுவா.”

மறுநாளே பழைய டெலிபோன் ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். எங்கள் சந்தில் பழைய வயர்கள் மக்கிவிட்டனவாம், ஒருமுறை ஒப்படைத்த லைனை மறுபடி கொடுப்பதில்லையாம். “நேற்று நீங்கள்தானே அவ்வளவு அவசரப்பட்டீர்கள்?” என்றார். எங்கள் நம்பரை நானே கூப்பிட்டுப் பார்த்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மராத்தியில் ஆரம்பித்து ஒவ்வொரு பாஷையாக என்னிடம் சொன்னது. தமிழில் மட்டும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நேரிலேயே தேடிப் போய்விடுவோம் என்று முடிவெடுத்தவனும் நான்தான். அம்மாவுக்குச் செண்பகத்தைப் பற்றித் தெரியாதது இல்லை. அவளுக்குப் பூண்டு ஆகாது, சின்னவன் கணக்கில் மக்கு, மாமியார் சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைக்கிறவள். ஆனால் விலாசத்துக்கு உதவக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அவள் பேசும்போது கீழே மாவு மில் ஓடும் சத்தம் கேட்கும்.

“போதும்மா” என்றேன். “மாவு மில்லுக்கு மேல இருக்கற தமிழ்க்காரா வீடு. ஐரோலி என்ன அவ்வளவு பெரிசா?”

ஐரோலி அவ்வளவு பெரிசு. வாஷியில் ரயில் மாறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அங்கே செக்டர் செக்டராக ஊர் இருக்கிறது, செக்டர் தவறாமல் மாவு மில் இருக்கிறது. அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் அரக்குப் பட்டுப்புடவையில், கையில் எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டிலோடு (செண்பகம் என்றைக்கோ ஆசையாகக் கேட்டதாம்) என் பின்னால் நடந்து வந்தாள். மாவு படிந்த ஒவ்வொருவரிடமும் நான் விசாரித்தேன். வெயில் ஏறியது. கடைசியில் ஒரு மில்காரர், “மதராசி பாபியா? மாடியில்தான் இருக்கிறாள், போங்கள்” என்று கையைக் காட்டினார்.

அம்மா என்னை முந்திக்கொண்டு படியேறினாள். மேலே போனதும் நின்றுவிட்டாள்.

வாசலில் குவியலாகச் செருப்புகள். கதவு திறந்திருந்தது. உள்ளே ஆண்களும் பெண்களும் தரையில், தலை குனிந்து, ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊதுவத்திப் புகை. நடுவில் ஒரு ஸ்டூலில், நெற்றியில் பெரிய குங்குமத்தோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். படத்துக்கு ரோஜா மாலை.

அம்மா செண்பகத்தின் முகத்தைப் பார்த்தது கிடையாது என்பதை நீங்கள் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அப்போது நினைவு வரவில்லை.

“அய்யோ செண்பகம்!” என்று அலறிக்கொண்டு அம்மா உள்ளே ஓடி, படத்துக்கு முன்னால் விழுந்தாள். “போயிட்டியாடி! இவ்வளவு லட்சணமா இருந்திருக்கியே, ஒரு வார்த்தை சொல்லலையேடி! இந்தக் கடங்காரன் வயரைப் பிடுங்கின நேரத்துலயா போனே!”

கடங்காரனான நானும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். (சத்தம் போட்டுத்தான்.) முன் வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ஓரத்தில் ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள். பிறகு இன்னொருத்தி. சற்று நேரத்தில் பாதி அறை அழுதது.

வீட்டுக்காரி போலிருந்த ஒரு அம்மாள் வந்து அம்மாவின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவள் கண்ணிலும் தண்ணீர். தெலுங்கு வாடை வீசும் இந்தியில், “நாங்கள் வருஷக்கணக்காக உட்காருகிறோம், ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. உங்களுக்கு முதல் நாளே வந்துவிட்டதே! மாதாஜியை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் செம்பூர் மார்க்கெட் இந்தியில், “தினமும் என்னோடு பேசுவாள்” என்றாள்.

அறை முழுக்க ஒரு சலசலப்பு. வழுக்கைத் தலைக்காரர் இரண்டாவது கண்ணையும் திறந்தார். “தினமுமா? என்ன அருள்வாக்குச் சொல்வார்?”

“என்ன குழம்பு வைத்தாள், மாமியார் என்ன திட்டினாள், எல்லாம் சொல்வாள்.”

“மாதாஜிக்கு மாமியாரா?”

“ராட்சசி! சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைப்பாள்.”

யாரோ இருமினார்கள். வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தி, “கனவில் வந்து பேசுவாரா?” என்றாள்.

“போனில்” என்றாள் அம்மா.

அப்போது அந்த அறையில் இறங்கிய மௌனத்தை அவர்கள் எந்தத் தியானத்திலும் அடைந்திருக்க மாட்டார்கள். படத்தில் இருந்தவர் அவர்களுடைய குரு. உயிரோடு, ஆரோக்கியமாக, வடக்கே எங்கோ ஆசிரமத்தில் இருக்கிறார். மாலை, பூஜைக்காகப் போட்டது. வீட்டுக்காரிக்குத் தமிழும் தெரியாது, செண்பகமும் தெரியாது. நான் கைகூப்பி எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்க விளக்க விஷயம் இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது. வழுக்கைத் தலைக்காரர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த தடவை பேசினால் தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். “மாதாஜிக்கு மாமியாரா” என்று அந்த ஆளைப் போலவே சொல்லிக்காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிரே இருந்தவர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன், தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு.

ரயில் பாலத்தின் மேல் ஏறியது. இரண்டு பக்கமும் உப்பங்கழித் தண்ணீர். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அவளும் போட்டுப் பாத்திருப்பாடா” என்றாள். “நம்பர் இல்லைன்னு போன்ல அந்தப் பொண்ணு இந்தியில ஏதோ சொல்லியிருப்பா. நான் போயிட்டேன்னுதான் நினைச்சிருப்பா. மாலை போட அவகிட்ட என் படம்கூடக் கிடையாது.”

நான் ஊறுகாய் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். லேபர் கேம்பில் அந்த அக்காவையும் தேடினோம். ஐரோலியில் தங்கை இருக்கிற அக்காக்கள் அங்கே நிறைய இருந்தார்கள், செண்பகத்தின் அக்கா மட்டும் கிடைக்கவில்லை. கேபிள் போன் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. மழைக்காலத்தில்கூட இரைச்சல் கிடையாது. கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிறவர்களின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போலத் தெளிவாகக் கேட்கிறது.

மாதாஜி கதை எங்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது. யாராவது வீட்டில் போனை எடுத்தால், என் மகள், “அருள்வாக்கா, ராங் நம்பரா?” என்று கேட்பாள். சுதா சொல்வதைவிட அம்மா சொல்வதில்தான் ருசி அதிகம். வழுக்கைத் தலைக்காரரின் ஒற்றைக் கண்ணை நடித்தே காட்டுவாள்.

ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அம்மாவிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அடுத்த அறைக்குக் கேட்காதபடி பேசுகிறவள், வெளியே போனால் உரக்கப் பேசுகிறாள். மாட்டுங்கா மார்க்கெட்டில், தாதர் பாலத்தில், ரயில் நிலையத்தில், எங்கே கூட்டம் இருக்கிறதோ அங்கே, தமிழில், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி. என் மகள் வெட்கப்பட்டுப் பத்தடி தள்ளி நடப்பாள். போன மாதம் மார்க்கெட்டில், தமிழே தெரியாத ஒரு வடக்கத்திக் காய்கறிக்கார பையாவிடம் கத்தரிக்காயின் சொத்தையைப் பற்றி அம்மா முழு நீளத் தமிழில் முழங்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் பொறுக்கவில்லை.

“ஏம்மா இப்படிக் கத்தறே? அவனுக்குத்தான் உன் தமிழ் தெரியாதே.”

அம்மா கத்தரிக்காயைக் கூடையில் போட்டாள். கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

“அவளுக்கு என் முகம் தெரியாதேடா” என்றாள்.

நான், வெண்டைக்காய் விலை என்ன என்று, என்னால் முடிந்த மட்டும் உரக்க, அம்மாவிடமே கேட்டேன்.