அடைப்பில் முப்பது சதவீதம் தள்ளுபடி

இதயத்துக்குள் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, உலகத்து டாக்டர்கள் படாத பாடு படுகிறார்கள். மணிக்கட்டில் குத்துகிறார்கள். தலைமுடி கனத்துக் கம்பியை ரத்தக்குழாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். திரையை வெறித்துப் பார்க்கிறார்கள். பாவம், படித்துக் கெட்டவர்கள். கொல்கத்தாவில் காளிகாட் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடி அறையில், ஹ்ருதயானந்த பாபா இதே வேலையை ஒரு செம்பருத்திப் பூவை வைத்து முடித்துவிடுகிறார்.

கூட்டத்தைக் கேட்காதீர்கள். மாடியில் தொடங்கும் வரிசை படியிறங்கி, மிட்டாய்க் கடையைச் சுற்றி, பெரிய சாலையில் போய் விழும். அதில் பேராசிரியர் இருப்பார், வங்கி மேலாளர் இருப்பார், உயர்நீதிமன்றத்து வக்கீலும் இருப்பார். கத்தரிக்காயை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடாதவர்கள் அத்தனை பேரும், நெஞ்சை மட்டும் திருப்பிப் பார்க்காமல் கொடுக்க வந்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் கீழே கடையில் எண்ணெய் சொட்டும் பஜ்ஜியாக வாங்கித் தின்று, அடைப்புக்கு ஆவன செய்துகொள்வார்கள்.

பாபாவின் முறை எளிது. சிவப்புத் துணி போர்த்திய மணை. அதன்மேல் பித்தளைத் தாம்பாளம் நிறையத் தண்ணீர். தண்ணீரில் ஒற்றைச் செம்பருத்தி. ஒரு சிவப்புக் கயிற்றின் ஒரு முனையை நோயாளி பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனை தண்ணீரில் கிடக்கும். புலித்தோல் அச்சடித்த கம்பளத்தில் உட்கார்ந்து பாபா கண்ணை மூடுவார். பூ தானாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் ஓட்டம் நன்று. மெதுவாகச் சுற்றினால் அடைப்பு. எத்தனை சதவீதம் என்று பாபா வாயைத் திறந்து சொல்வார். அடைப்பு கரைய அவரே ஒரு தீர்த்தமும் பாட்டிலில் தருவார். பாட்டில் காலியானால் மறுபடி வர வேண்டும். ஒரு பாட்டிலோடு கரைந்த அடைப்பு இதுவரை கிடையாது.

டாக்குரியாவில் குடியிருக்கும் சௌந்தரராஜனை அங்கே இழுத்துக்கொண்டு போனவர் முத்துகிருஷ்ணன். இருவரும் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள். முத்துகிருஷ்ணன் சாந்த்ராகாச்சி யார்டில் மின்சாரப் பிரிவு. ஆயுள் முழுக்க மோட்டார்களோடு மல்லுக்கட்டியவர். தனக்குத் தொண்ணூறு சதவீதமாக இருந்த அடைப்பு பாபா தயவில் நாற்பதாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்ணூறு என்று சொன்னது யார்? பூ. நாற்பது என்றது? அதே பூ. இதற்குமேல் கேட்பது அவருக்கு நாத்திகமாகப் பட்டது.

சௌந்தரராஜனுக்குத் தொல்லை நிஜமாகவே இருந்தது. படியேறினால் நெஞ்சின்மேல் யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தள்ளிப்போடாதீர்கள், கம்பி விட்டு அளந்துவிடலாம் என்று திங்கட்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். மனிதரோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்டால் தன் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். ஆகவே தனக்கு வசதியாக ஒரு சட்டம் இயற்றிக்கொண்டார்.

"பாபா ஐம்பதுன்னு சொல்லிட்டா திங்கட்கிழமை கேன்சல், பூர்ணி. ஐம்பதுக்கு மேலன்னா போறேன். அவர் சொன்னா சொன்னதுதான்."

மனைவி பூர்ணிமாவுக்கும் பாபாமேல் பக்தி உண்டு. அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் வந்திருந்தாள். குறை ஒன்றே ஒன்று. பாபா பேசுவது வங்காளம். பூர்ணிமாவின் வங்காளமோ முழுக்க டாக்குரியா காய்கறிச் சந்தையிலும் கரியாஹாட் நடைபாதைக் கடைகளிலும் கற்றது. எண்கள், எவ்வளவு, ஜாஸ்தி, குறை, அடுத்த கடையில் மலிவு, போகிறேன் என்பவற்றைத் தாண்டி அவளுக்கு அந்த மொழியில் வேலையே இருந்ததில்லை.

முறை வந்தது. சௌந்தரராஜன் கயிற்றைப் பிடித்தார். பூ சோம்பேறியாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"எண்பது" என்றார் பாபா.

ஓர் எண்ணைக் கேட்டால் பூர்ணிமாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொள்ளும்.

"ஏத்தோ பேஷி?" என்றாள். இவ்வளவு ஜாஸ்தியா என்று அர்த்தம். கோவைக்காய்க்காரனிடம் கேட்கிற அதே குரல். "கொம் கொரூன்." குறைத்துப் போடுங்கள்.

அறை மூச்சை இழுத்துக்கொண்டது. பாபாவின் காலில் விழுந்தவர்கள் உண்டு, கையைப் பிடித்து அழுதவர்கள் உண்டு. தள்ளுபடி கேட்ட ஆள் இதுவரை இல்லை. பாபா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். இத்தனை பேர் முன்னால் ஒரு பெண்மணி அதிருப்தியோடு போவது தொழிலுக்கு நல்லதல்ல. அம்பாள் மனமிரங்கியதாகச் சொல்லி எழுபத்தைந்து என்றார். பூ கொஞ்சம் சுறுசுறுப்பானது.

பூர்ணிமாவுக்குச் சூடு பிடித்துவிட்டது. ஹௌராவில் ஒரு பாபா இதே நெஞ்சுக்கு அறுபதுதான் சொல்கிறார் என்று கூசாமல் அடித்துவிட்டாள். போட்டிக்கடை என்றதும் பாபா அறுபத்தைந்துக்கு வந்தார். பிறகு அறுபது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, புருஷனையும் சட்டையைப் பிடித்துத் தூக்கி, படியை நோக்கி நடந்தாள். கடைத்தெருவில் வளர்ந்தவன் எவனுக்கும் தெரியும், இந்த நடைக்கு முன்னால் நிற்கிற வியாபாரி கிடையாது.

"சரி, வா அம்மா. ஐம்பது. இதுதான் கடைசி."

பூ குஷியாகச் சுற்றியது. வரிசையில் கைதட்டினார்கள். சௌந்தரராஜனுக்கு முகமெல்லாம் பல்.

"அப்பாடா. திங்கட்கிழமை கேன்சல்" என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட மொபைலை எடுத்தார்.

பூர்ணிமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜெயித்த பேரம்தான். ஆனால் எதில் ஜெயித்தோம்? இத்தனை வருஷத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் அவளிடம் விலையில் இறங்கியிருக்கிறார்கள். கேட்ட மரியாதைக்காகத் தராசு முள்ளையே நகர்த்திக் காட்டியவன் எவனும் இல்லை.

அவள் புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"இருங்க. ஒரு நிமிஷம்."

மறுபடி உட்கார்ந்தாள். கயிற்றை அவர் கையில் திணித்தாள். ஐம்பது போதாது, ஏற்றிப் போடுங்கள் என்றாள் பாபாவிடம். பாபா யோசித்தார். அடைப்பு ஏறினால் பாட்டிலும் ஏறும். அவரும் வியாபாரிதானே. அறுபத்தைந்து என்றார். பூ தளர்ந்தது. இன்னும் என்றாள். எழுபத்தைந்து. தொண்ணூறாகக் கொடுங்கள் என்றாள். தொண்ணூறு என்றார், பூ ஏறக்குறைய நின்றேவிட்டது. பத்து போதும் என்றாள். பாபா குழம்பிப்போய்ப் பத்து என்றார். பூ பம்பரமானது.

பூர்ணிமா முத்துகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இவர் நெஞ்சு இருந்த இடத்துலதான் இருக்கு. நான் வாயைத் திறந்தா பூ சுத்துது. அப்ப இது அளக்கறது இவர் ரத்தத்தையா, என் வாயையா?"

முத்துகிருஷ்ணன் இதை வங்காளத்தில் கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். நியாயமாகப் பார்த்தால் கூட்டம் கொதித்து எழுந்திருக்க வேண்டும். எழுந்தது. கொதிக்கவில்லை. இத்தனை நாள் கேட்காமல் ஏமாந்துவிட்டோமே என்று எல்லோரும் தங்கள் அடைப்பைக் குறைக்கச் சொல்லி முன்னால் பாய்ந்தார்கள். பேராசிரியர் மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று விசாரித்தார். வங்கி மேலாளர் தனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே விகிதமாகப் போடச் சொன்னார். வக்கீல் முந்தின வாரத்துக் கணக்கையும் திருத்தக் கோரினார். ஆளுக்கொரு கயிறு தண்ணீரில் விழுந்தது. நாற்பது, முப்பது, இருபத்தைந்து என்று பாபா ஏலம் விட, பூ மிக்ஸி வேகத்தில் சுழன்று, தாம்பாளத்தைவிட்டுக் கிளம்பி, முத்துகிருஷ்ணனின் வழுக்கையில் வந்து குத்தியது.

"ஆ" என்றார் அவர். பூ குத்துமா? காம்பைப் பிரித்தார். உள்ளே ஓர் இரும்பு ஊசி.

அப்போதுதான் மூக்கும் அவருக்கு வேலை செய்தது. "மோட்டார் காயில் கருகுது" என்றார். அந்த ஒரு வாசனையில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. தாம்பாளத்தைத் தூக்கிச் சிவப்புத் துணியை உருவினார். மணைக்கு அடியில் ஒரு பொம்மைக் கார் மோட்டார், அதன் தலையில் ஒரு காந்தம். அதிலிருந்து கிளம்பிய ஒயர் புலிக் கம்பளத்துக்கு அடியில் ஊர்ந்து, பாபாவின் இடது கால் கட்டைவிரலுக்குக் கீழே, அழுத்த அழுத்த வேகம் கூடுகிற ஒரு சுவிட்சில் முடிந்தது. அந்தக் கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

இது அம்பாளின் சோதனை என்று அறிவித்துவிட்டு பாபா குளியலறைக்குள் போனார். குளியலறைக்குப் பின்கதவு இருந்ததைக் கூட்டம் சாவகாசமாகத் தெரிந்துகொண்டது.

சௌந்தரராஜன் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப எனக்கு எவ்வளவு, பூர்ணி?"

"தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் திங்கட்கிழமை."

போனார். கண்ணை மூடிக்கொண்டுதான் போனார், ஆனாலும் போனார். கொஞ்ச நேரத்தில் டாக்டர் அபினவ் வெளியே வந்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி கை ஜாடையிலும் பூர்ணிமாவிடம் விளக்கினார். குழாய் சுருங்கிய இடத்துக்கு முன்னால் ஓர் அழுத்தம், பின்னால் ஓர் அழுத்தம். இரண்டையும் கம்பி அளக்கிறது. முன்னால் நூறு என்றால் பின்னால் எழுபத்து நாலுதான் போய்ச் சேருகிறது. எண்பதுக்குக் கீழே போனால் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று கணக்கு. ஸ்டென்ட் வைத்துவிடலாம், சம்மதமா?

பூர்ணிமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தன் சந்தை வங்காளத்தை எடுத்தாள்.

"எழுபத்து நாலா? ஒரு எண்பத்தஞ்சு போட முடியாதா?"

"நான் போடறது இல்ல, மாஷிமா. கம்பி சொல்றது" என்றார் டாக்டர், வங்காளத்துச் சித்தி முறை வைத்து.

"ஹௌராவுல எண்பத்தஞ்சுங்கறாங்க."

"அங்கேயும் கம்பி விட்டா இதேதான் வரும்."

அவள் எழுந்து, கைப்பையை மாட்டிக்கொண்டு, நாலடி நடந்து பார்த்தாள். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. திரும்பினாள். டாக்டர் அதே இடத்தில், அதே எழுபத்து நாலோடு நின்றுகொண்டிருந்தார்.

"சரி, வைங்க" என்றாள்.

ஹ்ருதயானந்தர் இந்நேரம் வேறு சந்தில் வேறு பூவை மிதக்கவிட்டிருப்பார். அங்கேயும் வரிசை பெரிய சாலை வரை வந்திருக்கும். நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையில் இறங்கி வருகிறவன் வியாபாரி, பேசுங்கள், தப்பில்லை. அளவிலேயே இறங்கி வருகிறவனைக் கண்டால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். இதயத்துக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரி இருக்கிறது. மூளைக்கு ஓடுகிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.